ரெய்னோ எடுத்துப்போன துப்பாக்கி

"இது வெடிச்சு ஆளைக் கொன்னுடும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க மேடம். அது போதும் எனக்கு."

உள்ளே வந்த பெண் உட்காரக்கூட இல்லை. பூப்போட்ட போர்வையில் சுருட்டியிருந்த நீளமான எதையோ, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது மாதிரி மேஜையில் கிடத்தினாள். கிடத்திவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள்.

என் பாஸ் தேக்லா மாட்சன் பேனாவைக் கீழே வைத்தார். ஐம்பத்தெட்டு வயது. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளைத் துப்பறிந்துவிட்டு, இப்போது மூடிப்போன ஒரு பேக்கரியின் பின்பக்கத்தில் சொந்தமாகத் துப்பறிகிறார். நான் எல்ராய். கார் ஓட்டுவேன், காபி போடுவேன், தேவையில்லாத நேரத்தில் வாயைத் திறப்பேன். சம்பளம் முதல் இரண்டுக்கு மட்டும்.

"உங்க பேரு?" என்றார் தேக்லா.

"சில்வி. சில்வி ப்ரூயிட்."

தூரத்தில் ஒரு வெடிச்சத்தம். நவம்பர் பதினைந்து, மான் வேட்டை சீசன் அன்றுதான் ஆரம்பம். விடிந்ததிலிருந்து ஊரைச் சுற்றியுள்ள காடு முழுக்கப் பட்டாசுக் கடை தீப்பிடித்த மாதிரி வெடித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது குளிர்காலத்தின் வழக்கமான இரைச்சல். சில்விக்கு மட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தோள் தூக்கிப் போட்டது.

போர்வையைப் பிரித்தேன். ஜப்பான் ரைஃபிள். இரண்டாம் உலகப்போர் முடிந்து வந்த எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் பசிபிக்கிலிருந்து ஒன்று தூக்கி வந்திருப்பார்கள். ஆனால் இத்தனை அவலட்சணமாக ஒன்றை நான் பார்த்ததில்லை. இரும்பு முழுக்க அரத்தால் பிறாண்டிய கோடுகள். அடிக்கட்டையின் நுனியில் உலோகத் தகட்டுக்குப் பதிலாக ஒரு பலகைத் துண்டை ஆணியடித்திருந்தார்கள். குண்டு ஏற்றும் கைப்பிடி வெறும் உருளையாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இதை யாரு செஞ்சது? குழாய் ரிப்பேர்காரனா?" என்றேன்.

"எல்ராய், முதல்ல உள்ள தோட்டா இருக்கான்னு பாரு. அப்புறம் ஜோக் அடி."

பார்த்தேன். இல்லை.

சில்வி சொன்ன கதை சின்னது. அவள் அப்பா ஆர்வோ லேட்டோ ஆகஸ்டில் இறந்துபோனார். போரிலிருந்து அவர் கொண்டுவந்தவை இரண்டு ரைஃபிள்கள். ஒன்று அழகு, ஒன்று இது. உயில்படி இரண்டும், ஏரிக்கரைக் காடு எண்பது ஏக்கரும் அண்ணன் ரெய்னோவுக்கு. ரெய்னோவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இந்த வருஷ முதல் மானை அப்பாவின் துப்பாக்கியால்தான் சுடுவேன் என்று சபதம் போட்டுவிட்டு, ஆணியடித்த இந்த அவலட்சணத்தைத் தேர்ந்தெடுத்தான். அப்பா அதிகம் தொட்டது இதைத்தானாம்.

"எனக்குத் தூக்கமே இல்ல மேடம். இதைப் பாருங்களேன், கையில புடிக்கவே பயமா இருக்கு. அதான் நேத்து சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போயி, உறைக்குள்ள இருந்த இதை எடுத்துட்டு, நல்லதை வெச்சுட்டு வந்துட்டேன். இன்னிக்கு ராத்திரி வந்து கத்துவான். அப்போ காட்ட ஒரு பேப்பர் வேணும்."

தேக்லா ரைஃபிளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். குண்டு ஏற்றும் போல்ட்டை உருவினார். குழலுக்குள் கண்ணை வைத்தார். போல்ட்டில் பொறித்திருந்த எண்ணையும் துப்பாக்கியின் உடலில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டார். பிறகு இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு அளவுக் கட்டையை எடுத்துத் தோட்டா உட்காரும் இடத்தில் நுழைத்து மூடிப் பார்த்தார். பத்து நிமிஷம். சில்வி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், டாக்டரின் முகத்தைப் பார்ப்பது மாதிரி.

"மேல ஒரு பூவைத் தேய்ச்சு அழிச்சிருக்காங்களே, அதனால பலவீனம் ஆயிருக்குமா?" என்று நான் கேட்டேன்.

"அது அவங்க ராஜாவோட முத்திரை. சரணடையறப்போ மானம் போகக் கூடாதுன்னு தேய்ச்சது. இரும்புக்கு ஒண்ணும் ஆகாது." தேக்லா திரும்பினார். "சில்வி, இந்த பேப்பரை என்னால எழுத முடியாது. இது நல்ல துப்பாக்கி."

"என்ன?"

"தோக்கப் போறோம்னு தெரிஞ்ச அவசரத்துல செஞ்சது. அலங்காரத்துக்கு நேரம் இல்ல, செய்யல. ஆனா உள்ள இருக்க வேண்டிய பலம் இருக்கு. போல்ட்டும் உடம்பும் ஒரே ஜோடி. குழலுக்குள்ள குண்டைச் சுழல வைக்கிற கோடுங்க, திருகுவரி, சுத்தமா இருக்கு. உங்கண்ணன் இதைத் தாராளமா சுடலாம்."

சில்வி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "அப்போ நான்தான் முட்டாளா! பரவால்ல. எதைச் சுட்டாலும் ஆபத்து இல்லைல்ல? அது போதும்."

"அந்த இன்னொண்ணு எப்படி இருக்கும்?" தேக்லா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஐயோ, அது நகை மாதிரி மேடம். கறுப்பா, பளபளன்னு. சின்ன வயசுல நான்தான் அதைத் துடைப்பேன். குழலுக்குள்ள பார்த்தா கண்ணாடி டம்ளர் மாதிரி வழவழன்னு இருக்கும். ஒரு கோடு கிடையாது."

தேக்லாவின் கை நின்றது.

"ஒரு கோடுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. ஏன்?"

"இங்க பாருங்க." அவலட்சணத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். "உடம்பு இங்க முடியுது. கட்டை மேல படுத்திருக்கற இந்த வால் துண்டு தனி. இடுக்கு தெரியுது பாருங்க. உங்க அழகுத் துப்பாக்கியில இந்த இடுக்கு உண்டா?"

சில்வி கண்ணை மூடி யோசித்தாள். "இல்ல. ஒரே துண்டு. அழுக்கு சேரவே சேராது, அதனாலதான் துடைக்க எனக்குப் புடிக்கும்."

"அப்பா அதால எப்பவாவது வேட்டையாடி இருக்காரா?"

"அணிவகுப்புல மட்டும் எடுத்துட்டுப் போவாரு. வெறும் சத்தம் வர்ற வெடி போட்டு..." பாதியில் அவள் வாய் நின்றுவிட்டது. தேக்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"சில்வி, நான் சொல்றதை நிதானமா கேளுங்க. பள்ளிக்கூடப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கறதுக்குன்னே ஜப்பான்ல துப்பாக்கி செஞ்சாங்க. பார்த்தா நிஜம் மாதிரியே இருக்கும். திருகுவரி கிடையாது. வாலும் உடம்பும் ஒரே வார்ப்பு. அடுப்புக்கு ஊத்தற இரும்புதான். சத்தம் போடத்தான் அது. குண்டு போட இல்ல."

"குண்டு போட்டா?"

கன்னத்தைக் கட்டையில் அழுத்தி, வலது கண்ணைப் போல்ட்டுக்கு மூன்று அங்குலத்தில் வைத்துக்கொண்டுதான் மனிதன் ரைஃபிள் சுடுகிறான். அது எனக்கே தெரியும். சில்விக்கும் தெரிந்திருக்க வேண்டும். தன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே ஒரு வெடி கேட்டது.

ரெய்னோ வேலை செய்யும் சுரங்கத்துக்கு நான்தான் போன் போட்டேன். ஷிஃப்ட் இரண்டு மணி வரை. ஆனால் சீசன் தொடங்கும் நாளில் எவன் இரண்டு மணி வரை இருப்பான்? பன்னிரண்டுக்கே போய்விட்டான் என்றார்கள். ஷெரிஃப் அலுவலகத்தில் இருந்த பெண், காவலர்கள் இரண்டு பேரும் காட்டில் வழிதவறிய வேட்டைக்காரர்களைத் தேடப் போயிருப்பதாகவும் அவர்களுக்கு வயர்லெஸ்ஸில் தகவல் கொடுப்பதாகவும் சொன்னாள். மணி ஒன்றரை.

என் பிக்கப்பில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பனியில் சக்கரம் ஒருமுறை சறுக்கியது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. வழியெல்லாம் காடு வெடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் சில்வி, "இது தூரம்", "இது ஏரிக்கு அந்தப் பக்கம்", "இது அவன் இல்ல" என்று முணுமுணுத்தாள். ஒன்றுக்கு மட்டும் எதுவும் சொல்லவில்லை. அப்போது நான் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினேன்.

"அந்தத் தோட்டா கடையில கிடைக்காதே. உங்கண்ணனுக்கு யாரு கொடுத்தாங்க?" தேக்லா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்.

"டுவைட்தான். என் வீட்டுக்காரர். லேத் பட்டறையில ஃபோர்மேன். வீட்டுக் கீழ்த்தளத்துல அவரே செய்வாரு. இருபது தோட்டா செஞ்சு சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாரு."

"இந்தத் துப்பாக்கி வெடிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"அவர்தான். நேத்து சாப்பிடறப்போ. 'உங்கண்ணன் பிடிவாதக்காரன், சொன்னா கேக்க மாட்டான், நீயே போயி மாத்தி வெச்சுடு, எம்பேரைச் சொல்லாத'ன்னு..."

வைப்பர் மட்டும் இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது.

எனக்கே உறைத்தது. வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். "வெடிக்கும்னு பயப்படற மனுஷன் அதுக்கு இருபது தோட்டா எதுக்குங்க செஞ்சாரு?"

சில்வி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போதும் நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

"இல்ல," என்றாள். "அவர் அப்படிப்பட்டவர் இல்ல. அவர் இன்னிக்கு ஊர்லயே இல்ல. மெஷின் பார்ட்ஸ் வாங்க கிரீன் பே போயிருக்காரு."

காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். அங்கே ஏற்கெனவே இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று ரெய்னோவின் சிவப்பு பிக்கப். இன்னொன்று பச்சை ஃபோர்டு. கூரையில் பனி படிய ஆரம்பித்திருந்தது.

"அது எங்க வண்டி," என்றாள் சில்வி, மிக மெதுவாக.

அவள் போட்டிருந்தது பழுப்புக் கோட்டு. சீசனில் அந்த நிறத்தில் காட்டுக்குள் நடப்பவனுக்கும் மானுக்கும் நூறு கெஜத்தில் வித்தியாசம் தெரியாது. தூரத்திலேயே மனிதன் என்று தெரிவதற்காகப் போட்டிருந்த என் ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தேன். எனக்கு மிஞ்சியது ஆரஞ்சுத் தொப்பி மட்டும். உடம்பில் மற்றதெல்லாம் மான் நிறம்.

முந்நூறு அடி போயிருப்போம். பாதையின் நடுவில் ஒரு ஆள் நின்றான். உயரம், கச்சிதமாகச் சீவிய மீசை. கையில் துப்பாக்கி இல்லை. வேட்டைக் காட்டில் துப்பாக்கி இல்லாமல் எவனும் நிற்க மாட்டான்.

"சில்வி? நீ எங்க இங்க?" என்றான் டுவைட். குரலில் அக்கறை. "கூட யாரு இவங்க? சத்தம் போடாதீங்க, மச்சான் மானுக்குக் காத்து உக்காந்திருக்கான். இப்படி நடந்து போனா குண்டு பட்டுச் சாவீங்க."

"நீங்க கிரீன் பே போகலையா?"

"கடை மூடிட்டான். சரி, மச்சானுக்குத் துணையா இருக்கலாம்னு வந்தேன். நீங்க வண்டியில உக்காருங்க. இருட்டினதும் அவனே வருவான்."

சிரித்தபடியே கையை விரித்து வழியை மறித்தான். தேக்லா என்னைப் பார்க்கவே இல்லை. "எல்ராய்," என்றார், "போ."

ஓடினேன்.

நான் ஓடுவதற்குப் பிறந்தவன் அல்ல. முழங்கால் வரை பனி, முகத்தில் அறையும் ஸ்ப்ரூஸ் கிளைகள். "ரெய்னோ!" என்று கத்தினேன்; கத்தியது எனக்கே கேட்கவில்லை, காற்று எதிர்த்திசையில் அடித்தது. பின்னால் டுவைட்டின் பூட்ஸ் சத்தம் கேட்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

மரங்கள் விலகின. ஒரு வெட்டவெளி. எதிர் ஓரத்தில், வேட்டைக்காரன் பதுங்கியிருக்கும் ப்ளைவுட் பலகைக் குடில். அதன் ஜன்னலிலிருந்து ஒரு கறுப்புக் குழல் நீண்டிருந்தது. பளபளவென்று, நகை மாதிரி. அந்தக் குழல் மெதுவாக இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

அது திரும்பிய இடத்தில் ஒரு ஆண் மான். எட்டுக் கிளைக் கொம்பு. ஆடாமல் அசையாமல், தன்னை வரையச் சொல்லி நிற்கிற மாதிரி நின்றது.

கத்தினேன். தொண்டையிலிருந்து வெறும் காற்று வந்தது.

குழல் நின்றுவிட்டது. குறி பார்த்தாயிற்று.

எந்த வேட்டைக்காரனும் மனிதன் குறுக்கே வந்தால் சுட மாட்டான். அதை மட்டும் நம்பினேன். தொப்பியைக் கையில் பிடித்துச் சுழற்றிக்கொண்டு, மானுக்கும் குழலுக்கும் நடுவில் போய் நின்றேன். மேல்சட்டையைத் தானம் செய்த என் பெருந்தன்மையை அந்த நிமிஷம் நான் மனதாரச் சபித்தேன்.

டமார்!

பனியில் குப்புற விழுந்தேன். உடம்பைத் தடவிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. பின்னால் மரங்களுக்குள்ளிருந்து சில்வியின் அலறல் கேட்டது. அப்படியொரு அலறலை மனிதத் தொண்டையிலிருந்து நான் கேட்டதில்லை.

குடிலைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன்.

கதவு திறந்தது. தாடிக்காரன் ஒருவன் முழு முகத்தோடு, இரண்டு கண்ணோடு வெளியே வந்தான்.

"யோவ்! உனக்கென்ன பைத்தியமா? இன்னும் அரை செகண்டு விட்டிருந்தா உன் மண்டையில இறக்கியிருப்பேன்டா!"

சுட்டது அவன் அல்ல. மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ. நான் பனியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை.

"விசையில இருந்து விரலை எடுங்க," என்றேன் சிரிப்புக்கு நடுவில். "அதைக் கீழ வைங்க. ப்ளீஸ். கீழ வைங்க."

அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். சில்வி ஓடிப்போய் அண்ணனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். தேக்லா ரைஃபிளை வாங்கித் தோட்டாவை வெளியே எடுத்தார். குழலுக்குள் பார்த்தார். வால் துண்டை விரலால் தடவினார். இடுக்கு இல்லை.

"பள்ளிக்கூடத் துப்பாக்கி," என்றார். "சந்தேகமே இல்ல."

"என்ன உளர்றாங்க?" ரெய்னோ தங்கையைப் பார்த்தான். "காலையில உறையைத் திறந்தா வேற துப்பாக்கி. மாப்பிள்ளைக்குத்தான் போன் போட்டேன். 'இதுதான் ரெண்டுல நல்லது, நானே கழட்டிப் பார்த்திருக்கேன், தைரியமா சுடு'ன்னாரு. கேளு அவரையே."

எல்லோரும் டுவைட்டைப் பார்த்தோம். அவன் கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் நின்றான். முகத்தில் அதே அக்கறை.

"நல்ல துப்பாக்கிதான்," என்றான். "இந்த அம்மா யாரு? இன்ஷூரன்ஸ்காரி. துப்பாக்கியைப் பத்தி இவங்களுக்கு என்ன தெரியும்?"

"கரெக்ட்," என்றார் தேக்லா. "நான் தப்பா இருக்கலாம். நீங்க இரும்புக்காரர்." தோட்டாவைத் திரும்ப உள்ளே போட்டுப் போல்ட்டை மூடினார். க்ளிக். குழலைத் தரைப்பக்கம் தாழ்த்தி, அடிக்கட்டையை அவன் பக்கம் நீட்டினார். "அதோ அந்த அடிமரத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை சுடுங்க. நாங்க எல்லாரும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறோம்."

டுவைட் சிரித்தான். கை நீளவில்லை.

"நான் எதுக்குச் சுடணும்?"

"நல்ல துப்பாக்கின்னு நீங்கதானே சொன்னீங்க. உங்க தோட்டாதானே."

அவன் ரைஃபிளைப் பார்த்தான். பிறகு தேக்லாவை. வலது கால் அரையடி பின்னால் போனது. அவனுக்குத் தெரியாமலே போனது. நான் பார்த்தேன். ரெய்னோ பார்த்தான்.

"சுடுங்க டுவைட்," என்றாள் சில்வி.

"சில்வி, நீ சும்மா இரு."

"ஒரே ஒரு தடவை. சுடுங்க."

அவன் சுடவில்லை. தேக்லா தோட்டாவை உருவி என் பையில் போட்டார். பின்னால் மாநிலப் போலீஸ் அதே ரைஃபிளைக் கட்டையில் கட்டி, தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுத்தார்கள். முதல் தோட்டாவிலேயே உடம்பு பிளந்து, போல்ட் பின்னாலிருந்த பலகையில் புதைந்ததாம். ஆனால் எனக்கு அந்த அரையடியே போதுமாக இருந்தது.

ரெய்னோ அவன் சட்டைக் காலரைப் பிடித்து மரத்தோடு சேர்த்து அழுத்தினான். "ஏன்டா? இந்தக் காட்டுக்கா? நீ விக்கச் சொன்னப்போ மாட்டேன்னு சொன்னதுக்கா?"

டுவைட் அவனைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தான். குரல் இப்போதும் மென்மையாகவே இருந்தது.

"மாத்தி வெச்சது நீதான் சில்வி. உன் கையாலதான் மாத்தி வெச்சே. நான் ஒண்ணையும் தொடல. இவன் செத்திருந்தா உனக்கு ஆயுசுக்கும் நான்தான் ஆறுதல் சொல்லியிருப்பேன். காடு உன் பேருக்கு வந்ததும் நான் நீட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பே."

ரெய்னோவின் பிடிகூடத் தளர்ந்துவிட்டது. அண்ணனைக் கொன்ற கையோடு அந்த வீட்டில் வருஷக்கணக்காக அவள் காபி ஊற்றிக் கொடுத்திருப்பாள் என்பதை நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தோம் என்று நினைக்கிறேன்.

"ஏன் எங்கிட்ட நேர்ல சொல்லல நீ?" ரெய்னோ தங்கையிடம் கேட்டான். கோபமாக இல்லை.

"சொன்னா நீ சிரிப்பே."

"சிரிச்சிருப்பேன்," என்றான்.

சில்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பனியில் கால் புதையப் புதைய கணவனுக்கு எதிரே போய் நின்று, உள்ளங்கையை நீட்டினாள்.

"வீட்டுச் சாவி."

டுவைட் அவளையே பார்த்தான். ரெய்னோவின் கை மறுபடி இறுகியது. டுவைட் பையில் துழாவிச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் கையை மடக்கவில்லை.

"வண்டிச் சாவியும்."

"அப்போ நான் எப்படிப் போறது?"

"ஷெரிஃப் வண்டியில இடம் இருக்கும்," என்றாள் சில்வி.